சபாரியா பேர்ல குடுத்த தர்மம்

நோரிஹான் பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிற ஆளு பேனாவைத் தேட ஆரம்பிச்சுடுவான். தும்பாட் ஊர்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பதினோரு வருஷம் பேங்க் கவுண்டர்ல உக்காந்து ஊர்க்காரங்க காசை எண்ணிக் குடுத்தவ, நாப்பது வயசுல போதும்டா சாமின்னு எந்திரிச்சு வந்து தக்காஃபுல், அதாவது இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ், ஏஜென்ட் ஆயிட்டா. சேர்ந்த மூணாவது மாசமே கோத்தா பாரு கிளையில அவதான் முதல் ஆளு. மத்த ஏஜென்ட்டுங்க எல்லாம் வித்தாங்க. இவ விக்கலை, நம்பிப் பேசினா. அதுல இருக்கிற வித்தியாசம் கேக்கிறவனுக்கு எப்படியோ தெரிஞ்சுடும் போல.

அவ பேச்சு இப்படித்தான் இருக்கும். மத்த இன்சூரன்ஸ்ல நீங்க பந்தயம் கட்டுறீங்க. கடை எரியும்னு நீங்க, எரியாதுன்னு கம்பெனி. யாராவது ஒருத்தர் தோக்கணும், அது சூதாட்டம் தானே? அந்தக் காசை வட்டிக்கு வேற விடுவாங்க. நம்மளோடது அப்படி இல்ல. ஆயிரம் பேரு சேந்து ஒரே குடத்துல தர்மமாப் போடுறோம். யாரு வீட்ல இடி விழுதோ அவங்களுக்கு அதுலருந்து எடுத்துக் குடுக்கிறோம். கம்பெனி அந்தக் குடத்துக்கு வெறும் காவல்காரன். நீங்க கட்டுறது கட்டணமே இல்ல, ஸதக்கா, தர்மம்.

இதைச் சொல்லும்போது அவ கண்ணு லேசா கலங்கும். நடிப்பெல்லாம் இல்ல, நிஜமாவே கலங்கும்.

டெராமன் மட்டும்தான் அவகிட்ட மூணு தடவை முடியாதுன்னு சொன்ன ஆளு. ஆத்தோரமா புடூ பட்டறை வச்சிருந்தார். நெத்திலியையும் உப்பையும் பெரிய பெரிய தொட்டியில போட்டு, கல்லு வச்சு அமுக்கி, பத்து மாசம் வெயில்ல ஊறவச்சு வடிக்கிற மீன் சாறுதான் புடூ. அது இல்லாம அந்தப் பக்கம் யாருக்கும் சோறு இறங்காது. இருபத்தாறு தொட்டி, நாலு வேலைக்காரப் பொம்பளைங்க, ஒரு மக ரொபியா, ஒரு பழைய லாரி. அவ்வளவுதான் அவரு சொத்து. ஐம்பத்தேழு வயசு. அதிகம் பேசமாட்டார். யாராவது வீட்ல கஷ்டம்னா காதுக்கு வந்த அன்னிக்கே ஒரு மூட்டை அரிசியோட போய் நிப்பார், நன்றி சொல்றதுக்குள்ள கிளம்பிடுவார். பட்டறைக்கு எதுக்கும்மா காப்பு, அல்லாஹ் பாத்துப்பான்னு நோரிஹானை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார்.

நாலாவது தடவை அவ போனது அவரு பொண்டாட்டி சபாரியா மௌத்தாகி நாப்பதாம் நாள் சாப்பாடு போட்ட மறு வாரம். மனுஷன் பாதியா இளைச்சுப் போயிருந்தார். நோரிஹானுக்கு அவரைப் பாத்தா பாவமா இருந்துச்சு. அந்தப் பாவத்துலயே வாயில வந்துச்சு அந்த வார்த்தை.

"அண்ணே, இது தர்மம் தானே. மனசுல நினைக்கிற நிய்யத்தை அக்கா பேர்ல வைங்க. நீங்க கட்டுற ஒவ்வொரு ரிங்கிட்டோட நன்மையும் அவங்க படுத்திருக்கிற கபுருக்குப் போகும்."

டெராமன் இரும்மான்னு சொல்லிட்டுப் பின்னாடி போனார். தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. முகமும் கையும் ஈரமா திரும்பி வந்தார். தொழுகைக்குக் கழுவுற மாதிரி ஒளு செஞ்சுட்டு வந்திருக்கார், இன்சூரன்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட. வருஷத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரிங்கிட். கட்டடம், தொட்டி, உள்ள இருக்கிற சரக்கு, வெள்ளம் தீ எல்லாம் சேத்து.

இதை நோரிஹான் அடுத்த மாசக் கூட்டத்துல சொன்னப்போ மண்டபமே கை தட்டுச்சு. கிளை மேனேஜர் ஷுக்ரி, முப்பத்தோரு வயசுப் பையன், அதைப் புது ஏஜென்ட்டுகளுக்கான பாடத்துலயே சேத்துட்டான். தர்மத்தோட அழகைச் சொல்லுங்க, குடும்பத்துல இறந்தவங்களை நினைவுபடுத்துங்கன்னு திரையில போட்டுக் காட்டுவான். நோரிஹானுக்கு அதுல பெருமைதான்.

மூணு வருஷம் டெராமன் தவணை தவறாம கட்டினார். அப்புறம் அந்த டிசம்பர் வந்துச்சு.

வெள்ளம் அந்த ஊருக்குப் புதுசு இல்ல, வருஷா வருஷம் படி வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற விருந்தாளிதான். ஆனா அந்தத் தடவை ஆத்துத் தண்ணி அஞ்சு நாள் இறங்கவே இல்ல. பட்டறைக்குள்ள நெஞ்சு மட்டம் தண்ணி. தொட்டி மூடியெல்லாம் மிதந்து போச்சு, ஃபைபர் தொட்டிங்க வேரோட பிடுங்கின மாதிரி கவுந்து போச்சு, பத்து மாச ஊறல் கிட்டத்தட்ட மொத்தமும் ஆத்துல கலந்துச்சு. ஊரு முழுக்க ஒரே புடூ வாசம். நிவாரண மையத்துல படுத்திருந்தவங்க, சோறு மட்டும் இருந்தா ஆத்துத் தண்ணியிலயே தொட்டுச் சாப்பிடலாம்னு ஜோக்கடிச்சாங்க. டெராமனும் சிரிச்சார்னு சொன்னாங்க.

தண்ணி வடிஞ்ச ஆறாவது நாள் நோரிஹான் காரை எடுத்துக்கிட்டு வந்துட்டா. பையில கோரிக்கைப் படிவம். உள்ளுக்குள்ள ஒரு துள்ளல், சொல்லப்போனா இதுக்காகத்தானே இத்தனை வருஷம் பேசினா. கேக்கிறவங்களுக்கு வாயால சொன்ன விஷயத்தை இப்ப கையால குடுக்கப் போறா. நஷ்டத்தோட மதிப்பு அறுபத்திரெண்டாயிரம் ரிங்கிட் வரைக்கும் வரும்.

பட்டறையில டெராமன் முழங்கால் சேத்துல நின்னு சுவத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்துல மெக் யம், அங்க ரொம்ப வருஷமா வேலை செய்யிற பொம்பளை. புருஷன் இல்ல, வீடும் இப்ப இல்ல, ஆத்தோட போச்சு. வாய் மட்டும் பத்திரமா இருந்துச்சு.

நோரிஹான் படிவத்தை நீட்டினா. டெராமன் கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கி, நிதானமா ரெண்டு பக்கமும் பாத்தார். மடிச்சுத் திருப்பிக் குடுத்தார்.

வேணாம்னார்.

என்னண்ணே வேணாம்?

அவரு ரொம்பச் சாதாரணமா சொன்னார். அது சபாரியா பேர்ல குடுத்த தர்மம். குடுத்த தர்மத்தைத் திருப்பிக் கேக்கிறது வாந்தி எடுத்ததை நக்குற வேலை, மதரஸாவுல சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுவும் செத்தவ கபுருக்குப் போனதை இவரு கை விட்டு எடுக்கணுமா? தொட்டி போனா போகுது.

நோரிஹானுக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அவரு முகத்தைப் பாத்தா, அது சிரிக்கிற விஷயமா இல்ல. சட்டுனு மாத்திப் பேசினா. நீங்க குடுத்ததை நீங்க எடுக்கலைண்ணே, ஆயிரம் பேரு குடுத்தது இருக்கு, அதுலருந்து வருது.

"அப்ப அது ஏழைங்களுக்குப் போகட்டும்," அப்படின்னார் டெராமன். மெக் யம்மைக் கை காட்டினார். "இவளுக்கு வீடே இல்ல. இவளுக்குக் குடு."

"அவங்க உறுப்பினர் இல்லையேண்ணே."

"குடுத்தவனுக்கு மட்டும் குடுக்கிறது என்ன தர்மம்மா?"

நோரிஹான் படிவத்தைப் பைக்குள்ள திருப்பி வச்சா. மெக் யம் துடைப்பத்தை ஊனிக்கிட்டு, பள்ளிவாசல் மௌத்து நிதிக்கு மாசம் அஞ்சு ரிங்கிட் குடுக்கிறேன், வெள்ளம் வந்த மறுநாளே அந்தப் பணத்துலருந்து பாயும் அரிசியும் கொண்டு வந்து போட்டாங்க, ஒரு பேப்பர் கேக்கலை, உன் பேப்பர் எவ்ளோ பளபளப்பா இருக்குன்னு பாராட்டினா. பாராட்டு மாதிரிதான் இருந்துச்சு.

சாயங்காலம் ரொபியா ஃபோன் பண்ணி அழுதா. மார்ச்ல நெத்திலி வந்துடும் அக்கா, படகுக்காரங்க எந்தப் பட்டறையில தொட்டி தயாரா இருக்கோ அங்கதான் மீனைக் குடுப்பாங்க. ஒரு பருவம் விட்டா ஊற ஒண்ணும் இருக்காது, அடுத்த வருஷம் முழுக்க விக்க ஒண்ணும் இருக்காது. மாச்சாங் பக்கத்து முதலாளி ஒருத்தர் இடத்தைக் கேட்டு ஆள் அனுப்பிட்டார். அப்பா யோசிக்கிறேன்னு சொல்லிருக்கார். வித்துட்டா நான் ஜொகூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகணும், இந்த நாலு பொம்பளைங்க எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியலை.

தண்ணி வடிஞ்சதுலருந்து முப்பது நாள் தவணை. அதுக்குள்ள கையெழுத்தோட படிவம் போகலைன்னா கோரிக்கையே கிடையாது. ஆறு நாள் ஏற்கனவே போயிடுச்சு.

நோரிஹான் முதல்ல போனது இமாம்கிட்ட. இமாம் பொறுமையா கேட்டுட்டு, வாங்கலாம், ஒரு தப்பும் இல்லன்னு சொன்னார், அவரே வந்து டெராமன்கிட்டயும் சொன்னார். டெராமன் மரியாதையா காப்பி குடுத்து உபசரிச்சு, ஹராம்னு நான் சொல்லவே இல்ல ஹஜ்ரத், எனக்கு வேணாம்னுதான் சொல்றேன்னார். வேணாம்கிறவனை வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்ல. இமாம் காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.

அடுத்தது ஷுக்ரி. கோத்தா பாரு ஆபீஸ்ல ஏசி அடிச்சு விறைச்சுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளத்துக்கு அப்புறம் அங்க மேஜை முழுக்க கோரிக்கைப் படிவம், ஷுக்ரி கண்ணு உள்ள போயிருந்துச்சு. நோரிஹான் விஷயத்தைச் சொன்னதும் மூணு நாளா சிரிக்காதவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

"அக்கா, இப்படி ஒரு ஆளா? ஃபிரேம் போட்டு மாட்டுவோம் அவரை."

அவ சிரிக்கலை. கையெழுத்து இல்லாம குடுக்க வழி இருக்கான்னு கேட்டா. நாம போய்ப் பாத்து, நஷ்டம் நிஜம்னு நமக்கே தெரியுது. தர்மக் குடம் தானே, நாமளே எடுத்துக் குடுத்தா என்ன?

"கேக்காதவனுக்குக் கொண்டு போய்க் குடுக்க நாம என்ன ஏழைங்களுக்கு உதவுற பைத்துல்மாலா?" ஷுக்ரி நாற்காலியில சாஞ்சான். "விடுங்க. இந்த வருஷம் கோரிக்கை எவ்ளோன்னு பாத்தீங்கல்ல. ஒண்ணு குறைஞ்சா குடத்துல மிஞ்சும். மிஞ்சினா பாதி நமக்கு. உங்க போனஸும் அதுலதான் இருக்கு."

அவன் கெட்டவன் இல்ல. இருக்கிறதைச் சொன்னான். ஆனா அந்த "நமக்கு" அவ காதுல மாட்டிக்கிச்சு. இவ்வளவு நாளா அவ நமக்குன்னு சொல்லும்போது அது ஆயிரம் பேரா இருந்துச்சு.

திரும்பி வரும்போது பெட்ரோல் பங்க்ல காரை ஓரம் கட்டினா. பின் சீட்டுல கிடந்த டெராமன் பத்திரத்தோட நகலை எடுத்துப் பிரிச்சா. பன்னெண்டு பக்கம். வாடிக்கையாளர்கிட்ட அவ எப்பவும் காட்டுறது ரெண்டாவது பக்கம், அதுல அழகா எழுதியிருக்கும், பரஸ்பர உதவி, நன்கொடை, சகோதரத்துவம். ஒன்பதாவது பக்கம்னு ஒண்ணு இருக்கு. அதை அவ படிச்சிருக்கா, பரீட்சைக்காக. அதுக்கப்புறம் திறக்கலை. கட்டுற நூறுல நாப்பது கம்பெனியோட நிர்வாகக் கூலி. ஏஜென்ட்டோட பங்கு அந்த நாப்பதுக்குள்ள. மிச்ச அறுபதுதான் நன்கொடை. வருஷக் கடைசியில குடத்துல மிஞ்சினா கம்பெனிக்கும் உறுப்பினர்களுக்கும் சரி பாதி.

இதுல எதுவும் பொய் இல்ல. எல்லாம் அறிஞர்கள் பாத்து ஒத்துக்கிட்ட ஏற்பாடுதான், கட்டடம் வேணும், கரண்ட் வேணும், சம்பளம் குடுக்கணும், காவல்காரனும் சாப்பிடணும் தானே. அவளும் அதைத்தான் சாப்பிட்டா. ரெண்டாவது புள்ளையோட பல்லுக்குக் கம்பி போட்டது, வீட்டுக் கூரை மாத்தினது, எல்லாம் அந்த நாப்பதுலருந்துதான். கூலி வாங்கிட்டுச் செய்யிற நல்ல வேலை. அதை அப்படியே சொல்லிருக்கலாம். சொல்லலை. கேட்டவுடனே ஒளு செய்யப் போன மனுஷன்கிட்ட, ஒவ்வொரு ரிங்கிட்டும் கபுருக்குப் போகும்னு சொன்னா. ஒவ்வொரு ரிங்கிட்டும்னு சொன்னது அவ வாய்தான்.

பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்புறம்தான் காரை எடுத்தா.

அவ உடனே போய் டெராமன்கிட்ட சொல்லிட்டான்னு நினைச்சா தப்பு. பதினாறு நாள் ஓடுச்சு. வேற வேற ஊர்ல வேற வேற படிவம் நிரப்பினா. ரெண்டு தடவை டெராமன் பட்டறையைத் தாண்டிப் போனா, நிக்கலை. சொன்னா என்ன ஆகும்னு அவளுக்கு நல்லாவே தெரியும். தும்பாட்ல டெராமன் ஒரு வார்த்தை சொன்னா, வெள்ளிக்கிழமை தொழுகை முடியிறதுக்குள்ள அது எல்லாப் பட்டறைக்கும் படகுக்கும் போயிடும். அந்த ஊர்ல அவளுக்கு நூத்தி நாப்பது வீடு இருக்கு. நோரிஹான் சொன்னா நம்பலாம்னு சேந்த நூத்தி நாப்பது வீடு.

இருபத்தெட்டாம் நாள் காலையில ரொபியா ஒரு வரி அனுப்பியிருந்தா. இடத்தை அளக்க நாளைக்கு ஆள் வராங்க.

நோரிஹான் போனப்போ பட்டறை சுத்தமா இருந்துச்சு, சுத்தமா இருந்ததுதான் பாக்கச் சகிக்கலை. மூலையில உசந்த மேடையில இருந்த மூணு தொட்டி மட்டும் மிச்சம். மெக் யம்மும் ரொபியாவும் உடைஞ்ச ஃபைபரை வெட்டிச் சாக்குல கட்டிக்கிட்டு இருந்தாங்க. டெராமன் வாசல் படியில உக்காந்து வலைக்கயிறு முறுக்கிக்கிட்டு இருந்தார், பாத்தவுடனே எழுந்து, தங்கச்சிக்குக் காப்பி போடுன்னு உள்ள குரல் குடுத்தார். இவ்வளவுக்கு அப்புறமும் அவ மேல அவருக்கு ஒரு சின்னக் கோபம் கூட இல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அவ உக்காரலை.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது முழுசும் நிஜம் இல்ல," அப்படின்னா.

அப்புறம் நிறுத்தாம சொல்லிட்டா. நூறுல நாப்பது. அந்த நாப்பதுல பதினஞ்சு இவ கைக்கு. நீங்க கையெழுத்துப் போடலைன்னா அந்தப் பணம் ஏழைக்குப் போகாது அண்ணே, குடத்துல கிடக்கும், வருஷம் முடிஞ்சா அதுல பாதி கோலாலம்பூர்ல இருக்கிற கம்பெனிக்குப் போகும். அதுல எனக்கும் ஒரு துளி வரும். இது வியாபாரம் அண்ணே. உள்ள தர்மம் இருக்கிற வியாபாரம். உள்ள இருக்கிறதை மட்டும் சொல்லி, வெளியில இருக்கிறதை மறைச்சுட்டேன்.

டெராமன் கயிறைக் கீழ வச்சார்.

"நான் ஒளு செஞ்சுட்டு வந்தேனே," மெதுவாத்தான் கேட்டார். "அப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க சேரமாட்டீங்கன்னு பயம்."

"சேந்திருப்பேன்." அவரு குரல் இப்பதான் உடைஞ்சுச்சு. "கூலி வாங்குறது தப்பா? நானும்தான் மீனுக்குக் கூலி வச்சு விக்கிறேன். சேந்திருப்பேன். அவ பேரை மட்டும் இதுல இழுத்திருக்க மாட்டேன்."

நோரிஹான் தலையைக் குனிஞ்சா. மிச்ச அறுபது குடத்துக்குப் போச்சேண்ணே, அது நிஜமாவே தர்மத்துக்குப் போச்சுன்னா. போன வருஷம் பாச்சோக்ல ஒரு மீன் அப்பளக் கடை எரிஞ்சு, குடத்துலருந்துதான் குடுத்தாங்க. அந்தப் பொம்பளை அடுத்த மாசமே அடுப்பைப் பத்த வச்சுட்டா. அதுல உங்களோடதும் இருக்கு. அந்த நன்மையை யாரும் எடுக்கலை, எடுக்கவும் முடியாது.

டெராமன் ஆத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்புறம், வியாபாரம்னா எனக்கு அந்தக் காசு சுத்தமா வேணாம், நீ கிளம்பும்மா, இடத்துக்கு ஆள் வரட்டும்னார்.

ரொபியா கையில இருந்த சாக்கு நழுவி விழுந்துச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நோரிஹான் பையை எடுத்துத் தோள்ல மாட்டிட்டா.

அப்பதான் மெக் யம் வெட்டுக்கத்தியைக் கீழ போட்டுட்டு வந்தா. இடுப்புல கை வச்சு அவரு முன்னாடி நின்னா.

"தர்மம்னா தர்மம்னு வேணாம், வியாபாரம்னா வியாபாரம்னு வேணாம். உனக்கு என்னதான்யா வேணும்?"

"நீ சும்மா இரு."

"எனக்குத் தெரியும் உனக்கு என்னன்னு. உன் கை குடுத்தே பழகிருச்சு. வாங்கணும்னா சுளுக்கிக்குது." அவ சத்தம் போடலை, சத்தம் போட்டிருந்தா கூடப் பரவால்ல. "என் வீடு போன அன்னிக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டு வந்து போட்டியே. நான் வாங்கிக்கிட்டேன். எனக்கு வெக்கமா இல்லன்னு நினைச்சியா? இருபத்திரெண்டு வருஷம் உழைச்சு நின்ன சொந்தக் கால் அது. வாங்கிக்கிட்டேன், ஏன்னா பேரப்புள்ளைங்க பசியா இருந்துச்சு. நான் வேணாம்னு சொல்லிருந்தா உன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?"

டெராமன் காது மடல் செவந்து போச்சு.

"நான் அப்படி நினைக்கலை யம்," அப்படின்னார் கடைசியா.

"நினைக்க மாட்ட. மூட்டையை இறக்கிட்டு ஓடிடுவியே, எங்க மூஞ்சியை எங்க பாத்த?"

சொல்லிட்டு அவ திரும்பிப் போய்க் கத்தியை எடுத்து மறுபடியும் ஃபைபரை வெட்ட ஆரம்பிச்சுட்டா. கரக் கரக்னு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ரொபியா அப்பாவைப் பாக்காம ஆத்தைப் பாத்தா.

டெராமன் எழுந்து உள்ள போனார். தொட்டிங்க நின்ன வட்ட வட்டமான வெறும் தடத்தை ஒரு சுத்து சுத்தி நடந்தார். திரும்பி வந்து பழைய இடத்துலயே உக்காந்தார்.

"அவ பேர்ல நான் வச்ச நிய்யத்து போய்ச் சேந்துச்சா இல்லையா?"

நோரிஹானுக்கு இதுக்கு ஒரு அழகான பதில் நாக்கு நுனியில தயாரா இருந்துச்சு. வழக்கமா அதைச் சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்குவா. முழுங்கிட்டா.

"எனக்குத் தெரியாதுண்ணே."

அவரு தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதும் போல இருந்துச்சு. "அதை நான் கேக்க வேண்டிய இடத்துல கேட்டுக்கிறேன். நீ இனிமே செத்தவங்க பேரைச் சொல்லி யாரையும் சேக்காத."

"சேக்க மாட்டேன்."

"மத்ததையும் சொல்லு. நாப்பதையும் சேத்துச் சொல்லு."

"சொல்றேண்ணே."

"பேப்பரை எடு."

பைக்குள்ள கை விட்டு அவ தேடின அவசரத்துல சாவி, லிப்ஸ்டிக், புள்ளையோட பல் டாக்டர் சீட்டு எல்லாம் படியில கொட்டுச்சு. ரொபியாதான் கீழ உக்காந்து பொறுக்கிக் குடுத்தா. நோரிஹான் படிவத்தை முழங்கால்ல வச்சுக் கேள்வியைப் படிச்சா, அவரு சொல்லச் சொல்ல எழுதினா. வெள்ளம் புகுந்த தேதி. தண்ணியோட உயரம், நெஞ்சு மட்டம்னார், எத்தனை அடின்னு எழுதணும்ணேன்னா, ரொபியா எழுந்து நின்னு தன் மேலயே அளந்து காட்டினா. சேதமான தொட்டி எத்தனைங்கிற இடத்துல அவ ஏற்கனவே இருபத்தாறுன்னு நிரப்பி வச்சிருந்தா.

"இருபத்திமூணு," அப்படின்னார் டெராமன்.

மேடையில இருந்த மூணுலயும் மேல்வாட்டமா தண்ணி தொட்டிருக்கும்ணே, சரக்கு கெட்டுருக்கும், சேத்தே எழுதலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு நோரிஹான் சொன்னா. அது அவளோட பழைய பழக்கம். அவரு எழுந்து போய் ஒரு மூடியைத் தூக்கி, விரலை விட்டு நக்கிப் பாத்துட்டு வந்தார்.

"கெடலை. இருபத்திமூணு."

மெக் யம் அங்கிருந்தே, இந்த மனுஷனைத் திருத்தவே முடியாதுன்னு முனகினா. நோரிஹான் இருபத்தாறுல ஆறை அடிச்சு மூணு போட்டு, பக்கத்துல சின்னதா தன் கையெழுத்தையும் வச்சா. கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவருகிட்ட நீட்டினா. அவரு பேனாவை ரெண்டு தடவை உதறி, நிதானமா பேரு முழுசும் எழுதினார்.

"எப்ப வரும் காசு?"

"கணக்குப் பாக்க ஆள் வருவாங்கண்ணே, அப்புறம் ஆபீஸ்ல பாத்து... இப்ப ஊரு பூரா கோரிக்கை இருக்கு. ஆறு, ஏழு வாரம் ஆகும்."

"ஏழு வாரமா?" டெராமன் நிமிந்து உக்காந்தார். "மீன் வந்துடுமே. தொட்டி வாங்கணும், உப்பு வாங்கணும், ஏழு வாரம் என்ன பண்றாங்க அங்க உக்காந்து? நூத்துக்கு நாப்பது கூலி வாங்குறான்ல உன் கம்பெனிக்காரன்? சீக்கிரம் வேலை செய்யச் சொல்லு."

"சொல்றேண்ணே."

"இப்பவே ஃபோன் போடு. நான் இருக்கும்போதே போடு."

நோரிஹான் படியிலயே அவரு பக்கத்துல உக்காந்து ஷுக்ரிக்கு ஃபோன் போட்டா. ரொபியா உள்ள போய், இடத்தை அளக்க நாளைக்கு வர வேணாம்னு சொல்ல அந்த முதலாளியோட நம்பரைத் தேட ஆரம்பிச்சா.